தொரை படுத்திருந்த பாலம்

விதி தெளிவானது. ஏற்கெனவே இருந்த பாலம் ஒன்று வெள்ளத்தில் போய்விட்டால், அதை மறுபடி கட்டப் புதிய அனுமதி வேண்டியதில்லை. பழுதுபார்க்கும் வேலையாகவே அதைக் கொள்ளலாம். பாலம் இருந்தது என்று காட்டினால் போதும். எங்கள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மராமத்து இலாகாவில் முப்பது வருஷம் இருந்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறேன். இரண்டு முறை அது கடைப்பிடிக்கப்பட்டும் இருக்கிறது.

பிரிட்டிஷ் சீமையிலும் ஏறத்தாழ இதே விதிதான். அங்கே ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சாக இருக்கும் என் தங்கை எஸ்தரிடமிருந்து புரட்டாசி பிறந்ததும் கடிதம் வந்தது.

"அண்ணனுக்கு ஸ்தோத்திரம். எங்கள் ஆற்றுப் பாலம் போனது உங்களுக்குத் தெரியும். ஆபீஸில் கேட்டால் பாலமே இருந்ததில்லை என்கிறார்கள். நீங்கள் சொல்லித் தந்தபடி சித்திரையில் மனு அனுப்பினேன், பதில் இல்லை. ஐப்பசியில் அக்கரையில் வெங்கடம்மாளுக்குப் பிரசவம். அவளுக்கு முன்னே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டு முறையும் மழைக்காலம். இரண்டு முறையும் நான் இக்கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் முறையும் அப்படி நிற்க என்னால் முடியாது. புறப்பட்டு வாருங்கள். வரும்போது உப்பேரி கொண்டு வாருங்கள்."

கடைசி வாக்கியத்தைப் பார்த்து இதை லேசான விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். எஸ்தர் அழுகிற நேரத்தில்தான் தின்பண்டத்தைப் பற்றிப் பேசுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நாகர்கோவில்காரனுக்கு வெளிநாடு ஆரல்வாய்மொழியில் ஆரம்பிக்கிறது. சுங்கச்சாவடியில் சேவகர் என் டின்னைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன ஓய்?"

"உப்பேரி. தங்கைக்கு."

"பாக்காம விட முடியாதுல்லா."

மாதிரி எடுப்பதென்றால் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் எடுக்க வேண்டும் என்பது முறை. இம்மியும் பிசகாமல் மூன்று இடத்திலும் எடுத்துத் தின்றார். சமஸ்தானத்தில் விதிப்படி நடந்த கடைசிக் காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினேன்.

யுத்த காலம். ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் உட்கார்ந்தது போக மிச்ச இடத்தில் மற்றவர்கள் நின்றோம். ராஜபாளையத்தில் இறங்கும்போது டின் என் தலைக்கு மேல் இருந்தது. என் செருப்பில் ஒன்று அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வாசலில் எஸ்தர் சொல்லி வைத்திருந்த வண்டிக்காரர் சுப்பையா காத்திருந்தார். ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நர்சம்மா அண்ணாச்சியா? ஏறுங்க. அங்க போயி அதையும் கழத்திருங்க, வித்தியாசம் தெரியாது."

"எம்புட்டு தூரம் சுப்பையா?" ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்வதில் நான் வேகமானவன்.

"செத்த நேரந்தான்."

செத்த நேரம் என்பது இவ்வூர்க் கணக்கில் இரண்டரை மணி நேரம். மாந்தோப்புகளையும் பருத்திக் காட்டையும் தாண்டி வண்டி போனது. மலை கிட்டே வரவர, நான் பாலத்தைப் பற்றி விசாரித்தேன். சுப்பையாவுக்கு முதலில் புரியவில்லை.

"பாலமா? எங்கன இருக்கு பாலம்?" என்றவர், பிறகு மூக்கணாங்கயிற்றை இழுத்து மாட்டையே நிறுத்திவிட்டார். "ஓ, கல்வெட்டச் சொல்லுதியளா! பாலம்னா இங்க ஆருக்கும் தெரியாது அண்ணாச்சி. கல்வெட்டுன்னு கேளுங்க. அந்தக் காலத்துல அதைக் கட்டுன தொரை அப்பிடித்தான் சொல்லுவாராம். 'கல்வெட்டு, கல்வெட்டு.' எங்க தாத்தா அவருக்குக் கல்லு இழுத்தவிய."

எனக்கு விளங்கிவிட்டது. சிறு பாலத்தை இங்கிலீஷில் கல்வர்ட் என்பார்கள். துரையின் வாயில் கல்வர்ட்டாக இருந்தது தாத்தாவின் காதில் கல்வெட்டாக விழுந்திருக்கிறது. கல்லால் ஆனது, கல்லை வெட்டித்தான் செய்தார்கள். பேருக்கு என்ன குறை?

மனு எழுதும்போது நான் எஸ்தருக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தேன். ஒரு பொருளுக்கு ஊரார் என்ன பேர் சொல்கிறார்களோ அந்தப் பேரையே எழுத வேண்டும். அப்போதுதான் விசாரணையில் சாட்சி பிறழாது. அவள் அப்படியே செய்திருப்பாள். முன்யோசனைக்காக வண்டியில் இருந்தபடியே என்னை நான் பாராட்டிக்கொண்டேன்.

ராத்திரிச் சாப்பாடு குதிரைவாலிச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். அரிசி ரேஷனில். தேங்காயெண்ணெய் இந்தப் பக்கத்தில் தலைக்கு மட்டும், சமையலுக்குக் கடலையெண்ணெய். மீன் எங்கே என்று கேட்டேன்.

"ஆத்துல தண்ணி வந்தா மீன் வரும்" என்றாள் எஸ்தர். "தண்ணி வந்தா நான் அக்கரைக்குப் போக முடியாது. அதனால இப்பைக்கு மீன் வேண்டாம்னு ஜெபம் பண்ணுங்க."

மறுநாள் காலையில் ஆற்றைப் பார்க்கப் போனோம். நான் செருப்பில்லாமல்தான் போனேன். சுப்பையா சொன்னதில் நியாயம் இருந்தது.

"ஆறு எங்கே?" என்றேன்.

"நீங்க நிக்கது ஆத்துலதான்."

எங்கள் பக்கத்தில் ஆறு என்றால் அதில் தண்ணீர் என்று ஒன்று இருக்கும். இங்கே மணல், மணலில் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். மலையில் மேகம் கறுத்தால் அரை மணி நேரத்தில் இதே இடத்தில் யானை மிதந்து போகும் என்றார் அவர். யானை மிதந்ததைப் பார்த்தாரா என்று கேட்டதற்கு, மேகம் கறுத்ததைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

ஆற்றின் நடுவே இரண்டு கருங்கல் தூண்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. மேலே தளம் கிடையாது. எஸ்தர் ஒவ்வொன்றாகக் காட்டினாள். தளக்கல் ஒன்று ஆற்றோரம் துவைகல்லாக இருந்தது. இன்னொன்று சாவடிக்கு முன்னால் மூன்று பேர் உட்காரும் ஆசனமாகியிருந்தது. மூன்றாவது எங்கே என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி வாசப்படி. நான் வாரதுக்கு முன்னாலேயே போட்டுட்டாவ அண்ணே."

ஆக, பாலம் அழியவில்லை. பாகப்பிரிவினை ஆகியிருந்தது.

பாலம் போன சரித்திரத்தை ஊரில் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஆட்டுக்காரர் சொன்னபடி, கட்டி முடித்த துரை அதன்மேல் குதிரையில் ஏறிப் போனார், குதிரை தும்மியது, அன்றைக்கே ஒரு கல் அசைந்துவிட்டது. துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் சொன்னபடி, காலரா வந்த வருஷம் நோய் தங்கள் கரைக்கு வரக் கூடாது என்று அக்கரைக்காரர்களே இடித்தார்கள். அவள் அருகில் இருந்தவள், "போடி, இடிச்சது இக்கரைக்காரவிய" என்றாள். அவர்களை அந்தச் சண்டையில் விட்டுவிட்டு நகர்ந்தோம். சுப்பையாவின் கூற்று எளிமையானது: "வெள்ளம் வந்துச்சு, போச்சு. கல்லு கொஞ்சம் தண்ணி தூக்குச்சு, கொஞ்சம் நாங்க தூக்குனோம்."

நான் பார்த்த எல்லா விசாரணை அறிக்கைகளையும்விட அது நேர்மையானது.

நாலாவது தளக்கல் அக்கரையில் கிருஷ்ணம நாயக்கர் வீட்டு முற்றத்தில் கிடந்தது. அதை மனுவிலேயே எழுதியிருப்பதாக எஸ்தர் சொல்லியிருந்தாள். நாயக்கர் வெங்கடம்மாளின் மாமனார். மகன் பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ. கல்லின் மேல் பால் வெள்ளையாக, மூக்கு மட்டும் ரோஸ் நிறத்தில், ஒரு ராஜபாளையத்து நாய் படுத்திருந்தது. அது என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் பழைய சீப் இன்ஜினியரின் சாயல் இருந்தது.

"பயப்படாதீங்க, வாங்க" என்றார் நாயக்கர். "தொரை பேசாமப் படுத்திருக்கும், கல்லத் தொடாத வரைக்கும்."

"தொரையா?"

"வெள்ளையா இருக்குல்ல? பொறவு என்ன பேரு வைக்க?"

தொரை கட்டின பாலத்தின் மேல் தொரை படுத்திருந்தது. அதைக் கொஞ்சம் எழுப்ப முடியுமா என்று கேட்டேன். நாயக்கர், "லேய்ரா தொரை, லே!" என்று தெலுங்கில் அதட்டினார். நாய் எழுந்து நகர்ந்தது. அதற்குத் தமிழ் தெரியாதாம்.

கல்லின் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடியது. அதில் மிச்சக் கஞ்சி ஒட்டியிருந்தது.

"நாய்க்குக் கஞ்சி ஊத்தறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு பாருங்க" என்றார் நாயக்கர் பெருமையாக.

குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். உளியால் வெட்டிய பள்ளம் இல்லை. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை வருஷக்கணக்காக ஓடி ஓடித் தேய்த்த தடம். மராமத்தில் இருந்தவன் எவனும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான்.

"நாயக்கரே, பாலம் இருந்ததற்கு இதுதான் அத்தாட்சி. இதன் மேல் வண்டி ஓடியிருக்கிறது."

"ஓடாம? நானே ஓட்டியிருக்கேனே. அத நாய் கஞ்சி குடிக்கிற கல்லு சொன்னாத்தான் நம்புவாங்களா?"

"கல் சொன்னால் போதாது. சொல்வதற்கு ஒரு ஆபீஸர் வேண்டும்."

அப்போது வெங்கடம்மாள் வாசலில் வந்து நின்றாள். நிறைமாதத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. எஸ்தர் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள்.

வெங்கடம்மாள்தான் கேட்டாள். "அக்கா, இந்தத் தடவ வருவீங்களா?"

"வருவேன்."

"போன தடவையும் வாரேன்னீங்க."

அங்கே எல்லோரும் நாயைப் பார்த்தோம்.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் கரியில் ஓடுகிற பஸ். பின்னால் ஒரு பெரிய உருளை. அதில் கரியைப் போட்டு எரியவிட்டு, வருகிற புகையில் வண்டி ஓட வேண்டும். சமதரையில் ஓடியது. ஒரு மேட்டில் பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் சத்தம் போட்டார்.

"எறங்குங்க, எறங்குங்க, தள்ளணும்! பொம்பளையாளுகளும் எறங்குங்க, கனம் கொறையும். பென்சன்காரவிய மட்டும் உக்காருங்க."

என் நெற்றியில் எழுதியிருக்கிறது போலும். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எல்லோருமாகத் தள்ளினார்கள். வண்டி சட்டென்று உயிர் பெற்றது. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று டிரைவர் நிறுத்தவேயில்லை. பின்னால் ஊரே ஓடி வந்தது. "ஏலே, நிப்பாட்டுலே! எங் கோழி!" என்ற குரல் தேய்ந்து தேய்ந்து போனது.

கோபுரம் கண்ணில் தெரிந்து, பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து நின்றபோது உள்ளே நானும், பதினேழு மூட்டையும், ஒரு கூடைக் கோழியும் மட்டும் இருந்தோம். உரியவர்கள் வந்து சேரும் வரை காத்திருந்து, அவரவர் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு, சரியாகச் சொன்னவரிடம் ஒப்படைத்தேன். கோழிக்காரம்மாவுக்கு இந்த நடைமுறை பிடிக்கவில்லை.

"கோழிக்குள்ள என்ன இருக்கும்? கோழிதான்யா இருக்கும்!"

எந்த ஆபீஸுக்குப் போனேன் என்று சொல்லப் போவதில்லை. பென்ஷன் வாங்குகிறவனுக்கு எல்லா ஆபீஸும் ஒரே குடும்பம். அங்கே ஒரு இளம் குமாஸ்தா என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நல்ல மரியாதை. மரியாதை அதிகமானால் காரியம் நடக்காது என்பது என் அனுபவம்.

"பாலம் வெள்ளத்துல போச்சுங்கிறீங்க. எங்க ரிஜிஸ்தர்ல அந்த எடத்துல பாலமே இல்ல சார். இல்லாத பாலம் எப்பிடிப் போகும்?"

நான் கோபப்படவில்லை. இதே வாக்கியத்தை முப்பது வருஷம் பலரிடம் நானும் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

"ஆற்றில் இரண்டு தூண் நிற்கிறதே?"

"தூண் நிக்கலாம் சார். அது பாலத்துத் தூணுன்னு அதிகாரபூர்வமா ஒரு தாள் வேணும்லா?"

"நான் எழுதித் தருகிறேன். மராமத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவன்."

"நீங்க வேற கவர்மென்டு சார்" என்றார், ஒரு நோயாளியிடம் உண்மையைச் சொல்லும் டாக்டர் மாதிரி.

சரி, என் தங்கையின் மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் தபால் ரிஜிஸ்தரை எடுத்தார். விரல் சித்திரை மாதத்தில் இறங்கி வந்து நின்றது.

"இருக்கு சார். 'அக்கரைக்குப் போகும் வழியில் இருந்த பழைய கல்வெட்டு வெள்ளத்தில் சிதைந்துவிட்டது. அதைச் சேர்ந்த கல் ஒன்று அக்கரையில் நாயக்கர் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது. ஏற்ற நடவடிக்கை எடுக்க வேண்டியது.' இதானே? இது அப்பமே மெட்ராசுக்குப் போயிட்டுதே."

"மெட்ராஸுக்கா? எதற்கு?"

"பழைய கல்வெட்டுல்லா சார்? ராஜாக்க காலத்து எழுத்தெல்லாம் படிக்கதுக்குன்னே அங்க தனி ஆபீஸ் இருக்கு. பதிலும் வந்துட்டு." கோப்புக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். முகம் வாடியிருந்தது. "ஆள் அனுப்புதாங்களாம். கல்லு இருக்க எடத்துக்குப் போய்வர வழி செஞ்சு, ஆய்வு முடியுத வரைக்கும் அதைப் பராமரிக்கணுமாம். ஒரு மாசமா இத வச்சிக்கிட்டு முழிக்கேன். அவரு ஐப்பசியில வந்து நின்னா ஆத்த எப்பிடித் தாண்டுவாரு? மெட்ராஸ்காரரு, நீச்சல் தெரியுமோ என்னமோ."

என் சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில் எப்போதும் இருக்கும். முப்பது வருஷம் அந்தப் பென்சிலால் பிறர் தப்பைச் சுழித்துப் பிழைத்தவன் நான். கை பையை நோக்கிப் போனது. 'ஐயா, இது அந்தக் கல்வெட்டு இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோப்பு சுத்தமாகிவிடும். வெங்கடம்மாள் மறுபடி அக்கரையில், எஸ்தர் மறுபடி இக்கரையில், குடையோடு.

கையைக் கீழே இறக்கினேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

"தம்பி" என்றேன், "முகாம் வருகிற ஆபீஸருக்கு வழி செய்து கொடுப்பது உங்களிடம் எந்தக் கணக்கில் வரும்?"

அவர் நிமிர்ந்தார். "தற்காலிக ஏற்பாடு."

"அதற்கு மேலதிகாரியிடம் கேட்க வேண்டுமா?"

"வேண்டாமே!"

"இரும்பு கிடைக்காது, யுத்தம் என்பார்கள்."

"பனைக்கு யுத்தம் இல்லையே சார்!" என்று சொல்லும்போதே ஓவர்சியருக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். பிறகு பேனாவை நிறுத்தி, "ஆய்வு எப்ப முடியும்னு போட?" என்றார்.

"அதை ஏன் போட வேண்டும்? 'முடியும் வரை' என்று அவர்களே எழுதியிருக்கிறார்களே."

என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். தன் கஷ்டத்தை நான் தீர்த்துவிட்டதாக அவர் நினைத்தார், அதுவும் உண்மைதான். வெளியே வந்து பால்கோவா வாங்கினேன். சீனிக்கு ரேஷன் இருக்கும் காலத்தில் அது எப்படி அவ்வளவு இனிப்பாக இருந்தது என்று கடைக்காரரைக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் கேள்வி கேட்காமல் இருப்பதில் தேர்ந்துகொண்டிருந்தேன்.

விஷயத்தைக் கேட்ட எஸ்தர் முதலில் சிரித்தாள். பிறகு பயந்தாள்.

"அண்ணே, இது பொய் இல்லையா?"

"நீ பொய் எழுதினாயா?"

"இல்ல. ஊர்ல சொல்லுத பேரத்தானே எழுதுனேன்."

"அவர்கள் பொய் எழுதினார்களா?"

"இல்ல."

"பிறகு?"

செத்த நேரம் யோசித்தாள். உள்ளூர்க் கணக்கில் இல்லை, உண்மையாகவே செத்த நேரம். "பால்கோவாவ இப்படித் தள்ளுங்க" என்றாள்.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் ஒன்றும் நடக்கவில்லை. மலைமேல் மேகம் வந்து உட்கார்ந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் செங்கடல் பிளந்த கதையைச் சொன்னார். சுப்பையா கடைசி வரிசையிலிருந்து, "அதுக்கு ஆரு கையெழுத்துப் போட்டா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

ஏழாம் நாள் காலையில் வண்டிகளில் பனந்தடிகள் வந்தன. கூடவே ஓவர்சியர், நாலு ஆட்கள், சங்கிலி. மெட்ராஸ் ஆபீஸர் என்றதும் வேலையில் ஒரு பக்தி வந்திருந்தது. ஆற்றின் நடுவில் இருந்த அந்த இரண்டு கல்தூண்களின் மேல் தடிகளைத் தூக்கி வைத்து, குறுக்கே பலகை அடித்து, ஒரு பக்கம் கைப்பிடிக்குக் கயிறும் கட்டினார்கள். ஓவர்சியர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'ஏற்கெனவே உள்ள கல் தாங்கல்களின் மேல்' என்று இருந்தது.

"எதைத் தாங்குவதற்காக ஏற்கெனவே உள்ளது?" என்று கேட்டேன்.

"அது நமக்கு எதுக்கு சார்?" என்றார்.

பாலத்தில் முதலில் நடந்தது தொரை. அக்கரையிலிருந்து புறப்பட்டு, நடுவில் நின்று, கீழே மணலைப் பார்த்து, இக்கரைக்கு வந்து, எங்கள் ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. திறப்பு விழாக்களில் இதைவிடச் சுருக்கமான ஒன்றை நான் கண்டதில்லை.

மறுநாள் நான் ஊருக்குப் புறப்பட்டேன். பஸ் ஏறும்போது சிவப்புப் பென்சிலை எஸ்தரிடம் கொடுத்தேன்.

"எந்தத் தபால் வந்தாலும் வந்த தேதியை மேல் மூலையில் எழுதி வை. பிறகு எது எப்போது நடந்தது என்று அவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டியிருக்கும்."

ஐப்பசி கடைசியில் கடிதம் வந்தது. மூன்று நாள் மழை. மலை இருந்த இடம் தெரியவில்லை. பனந்தடிக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த பகல் நேரத்தில் நாயக்கர் அக்கரையிலிருந்து துண்டை வீசிக் கூப்பிட்டார். சுப்பையா மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். எஸ்தர் நிற்கப் பயந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போனாள். "அண்ணே, பாதி ஆத்துல கண்ண மூடிக்கிட்டேன். சுப்பையா திரும்பிப் பாத்து, 'நர்சம்மா, கல்வெட்டுல எழுத்தத் தேடுதியளா'ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டே மீதியத் தாண்டிட்டேன்." பிள்ளை கால் பக்கமாக வந்ததாம். கொடியும் கழுத்தில் சுற்றியிருந்ததாம். அவள் போயிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் எழுதவில்லை. உப்பேரி தீர்ந்துவிட்டது என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். நாயக்கர் பேத்திக்குப் பாலம்மாள் என்று பேர் வைத்து, பிறப்புப் பதிவேட்டில் எழுதியும் வந்துவிட்டார். இல்லாத பாலம் ஒருவழியாக ஒரு சர்க்கார் ரிஜிஸ்தரில் ஏறியது.

மெட்ராஸ் ஆபீஸர் அந்த ஐப்பசியில் வரவில்லை. அடுத்த ஐப்பசியிலும் வரவில்லை. அவர் எந்த நாளும் வரலாம் என்பதால், தடி ஒன்று விலகினாலும் ஓவர்சியர் ஓடி வந்து சரிசெய்தார். கட்டி முடித்த பாலங்களுக்குக்கூட இப்படிப்பட்ட பராமரிப்பை நான் பார்த்ததில்லை. எங்கள் இலாகாவில் இனி எந்தப் பாலத்தையும் முழுதாகக் கட்டி முடிக்க வேண்டாம் என்று யோசனை எழுதி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் வருஷம் ஆனியில் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். சன்னமான மனிதர், கையில் கல்லெழுத்தைப் படியெடுக்கத் தாளும் மையும் பிரஷும். பலகை மேல் நடந்து அக்கரைக்குப் போய்க் கல்லைக் காட்டச் சொன்னார். கல்லின் மேல் தொரை. ஆயிரம் வருஷத்து எழுத்துகளையெல்லாம் படிக்கிறவருக்குத் தெலுங்கில் 'எழுந்திரு' சொல்லத் தெரியவில்லை. நாயக்கர் காட்டிலிருந்து வரும் வரை அரை நாள் காத்திருந்தார். அதற்குள் பாலம்மாள் அவருடைய மையில் கையை விட்டு, தாள் ஒன்றில் தன் உள்ளங்கையைப் பதித்துவிட்டாளாம். நாய் எழுந்ததும் அவர் கல்லைக் கழுவினார், பார்த்தார், தடவினார், சுற்றி வந்து பார்த்தார், நாயக்கர் வீட்டுக் கம்மங்கூழைக் குடித்துவிட்டுப் போனார்.

குட்டு உடைந்தது, இனிப் பலகையையும் பிடுங்கிவிடுவார்கள் என்று எஸ்தர் எனக்கு எழுதினாள். ஐந்து வாக்கியத்தில் மூன்று தின்பண்டத்தைப் பற்றியது. நான் பதில் எழுதவில்லை. எழுத என்னிடம் விதி எதுவும் இருக்கவில்லை.

மெட்ராஸிலிருந்து பதில் வந்த அன்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஆற்றங்கரையில் சித்திரான்னத்தோடு இருந்தார்களாம். ஆற்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்கூட இருந்ததாம். தபால்காரர் எஸ்தரைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே இல்லாமல், பலகையின் நடுவில் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அவள் ஒரு கையில் பாலம்மாளைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்துகொண்டிருந்தாள். அந்தத் தாளையே எனக்கு அனுப்பி வைத்தாள். அவள் மனுவுக்குப் பதில் அது; நகல் சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு.

'மேற்படி கல் நேரில் பார்வையிடப்பட்டது. அதில் எழுத்து எதுவும் இல்லை. நீளவாக்கில் காணும் பள்ளம் வண்டிச் சக்கரம் தேய்த்து உண்டானது. ஆகவே இது கல்வெட்டு அல்ல. இவ்விடத்தில் முன்பு இருந்து அழிந்துபோன பாலத்தின் தளக்கல் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது.'

பாலம் இருந்தது என்று காட்டினால் போதும் என்பது விதி. அதிகாரபூர்வமான தாள் இதோ, இந்தக் கவர்மென்டினுடையதே. கீழே கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. ஒரே ஒரு குறை: அனுப்பியவர்கள் தேதி போட மறந்திருந்தார்கள். மேல் மூலையில் எஸ்தர் என் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தாள்:

வந்தது, ஆடிப் பதினெட்டு.